வெப்சைட் டிசைனருக்கு அட்வான்ஸ் எவ்வளவு, மீதியை எப்போது கொடுப்பது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். காங்கேயத்தில் மரச்செக்கு எண்ணெய் வியாபாரம். கடையில் நன்றாகப் போகிறது, இனி ஆன்லைனிலும் விற்க வேண்டும். தெரிந்தவர் மூலம் கிடைத்த ஃப்ரீலான்ஸ் டிசைனர் ஒருவர் 60,000 ரூபாய் கேட்கிறார். இருபத்தைந்து பொருள், பேமென்ட் கேட்வே (வாங்குபவரிடமிருந்து ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) எல்லாம் சேர்த்து. 70 சதவீதம் அட்வான்ஸ், மீதி முடிந்ததும். டொமைன் (சைட்டின் முகவரிப் பெயர்), ஹோஸ்டிங் (சைட்டை வைக்கும் சர்வர் இடம்) இரண்டையும் அவரே வாங்கிக்கொள்வாராம். வீட்டில் சித்தப்பாவோ, வேலை முடியாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. டிசைனர் சொல்வதிலாவது பாதி நியாயம் இருக்கிறது. நான் பதின்மூன்று வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், முதல் எட்டு வருடம் தனியாளாக வெப்சைட் செய்துகொடுத்தேன், இப்போது மற்ற டிசைனர்களை வைத்து வேலை வாங்குகிறேன். அதனால் ஏமாந்த அனுபவமும் இருக்கிறது, பணம் கொடுத்துவிட்டுத் தூக்கமில்லாமல் கிடந்த அனுபவமும் இருக்கிறது.

எத்தனை சதவீதம் என்பதில் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். 50-50, 30-40-30, இதெல்லாம் வெறும் எண். ஒவ்வொரு தவணையும் கையை விட்டுப் போகும்போது பதிலுக்கு உங்கள் கைக்கு என்ன வருகிறது என்று பாருங்கள். எதுவும் வராமல் 42,000 போகிறதென்றால் அது ஆபத்து. அதே மாதிரி டிசைனர் பக்கம் இரண்டு மாத உழைப்பு போய்விட்டது, கைக்கு ஒன்றும் வரவில்லை என்றால் அதுவும் ஆபத்துதான், ஏனென்றால் அந்த ஆள் நடுவில் வேறு வேலை கிடைத்ததும் உங்கள் போனை எடுக்க மாட்டார். சித்தப்பா சொன்னபடி செய்தால் நடக்கப்போவது இதுதான். நல்ல டிசைனர் யாரும் முன்பணம் இல்லாமல் தொடங்க மாட்டார்கள், தொடங்குகிறவர் வேலையில்லாதவராக இருப்பார் அல்லது நேற்றுதான் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டவராக இருப்பார்.

உங்கள் 60,000-த்தை நானாக இருந்தால் நான்காகப் பிரிப்பேன். தொடங்கும்போது 18,000. முகப்புப் பக்கம், பொருள் பக்கம் இரண்டின் டிசைனும் படமாகக் காட்டி நீங்கள் சரி சொன்னதும் இன்னொரு 18,000. முழு சைட்டும் தற்காலிக முகவரியில் ஓடி, நீங்களே ஒரு ஆர்டர் போட்டுப் பார்த்ததும் 15,000. கடைசியாக, உங்கள் டொமைனில் ஏறி, எல்லா லாகினும் உங்கள் கைக்கு வந்ததும் 9,000.

கடைசித் தவணை ஏன் இவ்வளவு சின்னது என்று கேட்பீர்கள். பெரிய தொகையைக் கடைசியில் நிறுத்தி வைத்தால் நம் கை ஓங்கியிருக்கும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நடப்பதே வேறு. பாதிப் பணம் கடைசியில் நிற்கிறது என்றால் டிசைனரும் பயந்துபோய்த் தன் பங்குக்கு ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்வார். சைட் அவருடைய சர்வரிலேயே இருக்கும், அட்மின் பாஸ்வேர்டு வராது, "பேமென்ட் முடிச்சதும் எல்லாம் தர்றேங்க" என்பார். இவர் சைட்டைத் தரட்டும் என்று நீங்களும், பணம் வரட்டும் என்று அவரும் காத்திருக்க, தீபாவளி சீசன் போய்விடும். 15 சதவீதம் என்றால் அதை வாங்கவும் அவருக்கு ஆர்வம் இருக்கும், அதற்காகச் சண்டை போடும் அளவுக்குப் பயமும் இருக்காது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தொடங்கிய புதிதில் ஒரு கல்வி அறக்கட்டளைக்கு சைட் செய்தேன், பாதி முன்னால், பாதி "வெப்சைட் திறந்ததும்" என்று பேச்சு. திறந்ததும் என்றால் சைட் லைவ் ஆனதும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர்கள் மனதில் இருந்ததோ திறப்பு விழா. குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர், புரொஜக்டரில் பட்டனை அழுத்துவது, அந்த மாதிரி. விருந்தினர் தேதி கொடுக்கவில்லை, அப்புறம் பரீட்சை வந்தது, அப்புறம் ஆடி மாதம் வந்தது. ஏழு மாதம் கழித்துத்தான் மீதிப் பணம் வந்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, விழாவுக்கு என்னை முன் வரிசையில் உட்கார வைத்துப் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள். பேசிய வார்த்தைக்கு ஆளுக்கொரு அர்த்தம் வைத்திருந்தோம், அவ்வளவுதான். அதிலிருந்து, டிசைனர் கையில் இல்லாத எந்த விஷயத்தோடும் தவணையைக் கட்டுவதில்லை. பேமென்ட் கேட்வே ஒப்புதலும் இதில் சேரும். கேட்வே நிறுவனம் உங்கள் பான் கார்டு, வங்கிக் கணக்கு, சைட்டில் உள்ள ரீஃபண்ட் பாலிசி, ஷிப்பிங் பாலிசி, தொடர்பு முகவரி எல்லாவற்றையும் பார்த்துத்தான் கணக்கைத் திறந்துவிடும், அதற்கு இரண்டு நாளும் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். டெஸ்ட் மோடில், அதாவது உண்மைப் பணம் போகாத சோதனை முறையில், ஆர்டர் ஒழுங்காகப் போய் வந்தால் மூன்றாவது தவணையைக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது தவணையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், சண்டை பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது. டிசைன் ஒப்புதல் என்பது ஃபிக்மா மாதிரி ஏதாவது ஒரு டிசைன் மென்பொருளில் செய்த படத்தைப் பார்த்துச் சரி சொல்வது. நீங்கள் சரி என்று சொல்லி, பணமும் அனுப்பி, அவர் அதை சைட்டாகச் செய்து முடித்த பிறகு உங்கள் அப்பா வந்து "செக்குப் படம் எங்கே? மஞ்சள் எதுக்கு, பச்சை போடச் சொல்லு" என்றால் போச்சு. பணத்தை உண்மையில் யார் கொடுக்கிறார்களோ, கடைசி வார்த்தை யாருடையதோ, அவரை டிசைன் கட்டத்திலேயே உட்கார வைத்துக் காட்டிவிடுங்கள். போனில் காட்டாதீர்கள், லேப்டாப்பில் காட்டுங்கள். இரண்டு சுற்றுத் திருத்தம் விலைக்குள் அடங்கும், அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒரு சுற்று என்றால் எல்லா மாற்றத்தையும் சேர்த்து ஒரே மெயிலில் அனுப்புவது. ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாக ஞாபகம் வர வர அனுப்புவது சுற்றுக் கணக்கில் வராது. நான் அப்படி ஒரே நாளில் முப்பத்தாறு வாய்ஸ் மெசேஜ் வாங்கியிருக்கிறேன், அதில் மூன்று ஒன்றுக்கொன்று முரண்.

மூன்றாவது தவணைக்கு முன்னால் நீங்களே சோதிக்க வேண்டும். டிசைனர் தன் லேப்டாப்பில் ஸ்க்ரோல் செய்து காட்டுவது சோதனை ஆகாது. உங்கள் கடைப் பையன் கையில் இருக்கும் பழைய ஆண்ட்ராய்டு போனை வாங்கி, வைஃபையை அணைத்துவிட்டு, கடலை எண்ணெய் ஒரு லிட்டர், நல்லெண்ணெய் அரை லிட்டர், ஐந்து லிட்டர் டின் ஒன்று, மூன்றையும் கூடையில் போட்டு ஒரு சென்னை பின்கோடு கொடுத்துப் பாருங்கள். ஷிப்பிங் தொகை என்ன வருகிறது? ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம், அதோடு பாட்டில், அட்டைப் பெட்டி, பபிள் ஷீட் எல்லாம் எடைதான். எண்ணெய் எடையை மட்டும் போட்டு வைத்துவிட்டால் ஒவ்வொரு பார்சலிலும் உங்கள் கைக்காசு போகும். கூரியர்க்காரர்கள் பெட்டியின் அளவை வைத்துக் கணக்கிடும் எடையையும் பார்ப்பார்கள், அதையும் டிசைனரிடம் சொல்லுங்கள், பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. ஆர்டர் போனதும் உங்களுக்கு மெயில் வருகிறதா, வாங்கியவருக்கு வருகிறதா, ஸ்டாக் குறைகிறதா, ஆர்டரை ரத்து செய்தால் ஸ்டாக் திரும்ப ஏறுகிறதா? இதெல்லாம் ஒரு மணி நேர வேலை. இதைச் செய்யாமல் 15,000 அனுப்பாதீர்கள், செய்து சரியாக இருந்தால் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள்.

அடுத்தது டொமைன். உங்கள் கேள்வியில் என்னைப் பதற வைத்தது 70 சதவீதம் இல்லை, "அவரே வாங்கிக்கொள்வார்" என்ற வரிதான்.

டொமைன் யார் மெயில் ஐடியில் இருக்கிறதோ அவர்தான் நடைமுறையில் அதன் முதலாளி. எனக்குத் தெரிந்த ஒரு ஜவுளிக் கடைக்காரர், பெயர் வேண்டாம், நான்கு வருடம் அருமையாக ஆன்லைனில் ஓட்டினார். டொமைன் டிசைனரின் பழைய மெயில் ஐடியில் இருந்தது. டிசைனர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டார், அந்த ஐடியைப் பார்ப்பதை விட்டுவிட்டார், ரினியூவல் நினைவூட்டல் எல்லாம் அங்கே போய்க் குவிந்தது. ஒரு நாள் சைட் திறக்கவில்லை. டாட் காம் டொமைன் காலாவதி ஆனதும் உடனே பறிபோய்விடாது, விற்ற நிறுவனத்தைப் பொறுத்துக் கொஞ்ச நாள் அவகாசம் இருக்கும், அதற்கப்புறம் 30 நாள் மீட்புக் காலம், அதில் மீட்க அபராதம் மாதிரி ஒரு தொகை, பிறகு 5 நாளில் பொதுவில் விழுந்துவிடும். இவருக்கு இது எதுவும் தெரியாது, சர்வர் பிரச்சினை என்று ஹோஸ்டிங்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பெயரை யாரோ எடுத்துக்கொண்டார்கள். பில், பை, கடை போர்டு, ஆட்டோ பின்னால் ஒட்டிய ஸ்டிக்கர், எல்லாவற்றிலும் அந்தப் பெயர்.

அதனால் டொமைன், ஹோஸ்டிங் இரண்டையும் உங்கள் மெயிலில், உங்கள் போன் நம்பரில், உங்கள் கார்டில் நீங்களே வாங்குங்கள். டிசைனர் பக்கத்தில் உட்கார்ந்து எதை அழுத்த வேண்டும் என்று சொல்லட்டும், தனி லாகின் கொடுத்துவிடுங்கள். இந்தச் செலவை 60,000-க்குள் கலக்காதீர்கள். கலந்தால் அவர் எவ்வளவுக்கு வாங்கினார், எத்தனை வருடத்துக்கு வாங்கினார் எதுவும் தெரியாது. முதல் வருட விலை மலிவாகவும் ரினியூவல் இரண்டு மூன்று மடங்காகவும் இருப்பது இந்தத் தொழிலில் சகஜம், வாங்கும்போதே ரினியூவல் விலையைக் கேளுங்கள். இன்னொன்று, ஆட்டோ ரினியூவல் போட்டிருக்கிறேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் புதிய விதி வந்ததிலிருந்து கார்டில் தானாகப் பணம் எடுக்க முறையான பதிவு வேண்டும், இப்போதைய வரம்புப்படி 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். அந்தப் பதிவு இல்லாத வெளிநாட்டு ஹோஸ்டிங் நிறுவனத்தில் ஆட்டோ பேமென்ட் சத்தமில்லாமல் தோற்றுப்போகும். காலண்டரில் எழுதி வையுங்கள். தினசரிக் காலண்டரில் எழுதினாலும் சரிதான்.

பேமென்ட் கேட்வே கணக்கும் உங்கள் பான், உங்கள் வங்கிக் கணக்கில்தான் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் பணம் ஒரு நாள்கூட டிசைனர் கணக்கு வழியாக வரக் கூடாது. ஒவ்வொரு விற்பனையிலும் சுமார் 2 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் கேட்வே எடுத்துக்கொள்ளும், அது டிசைனர் கட்டணத்தில் சேராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

தீம், பிளக்இன் பற்றியும் ஒரு வார்த்தை. சைட் கட்டப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள் இலவசம், ஆனால் அதன் மேல் போடும் நல்ல தீம்களும் (தோற்றத்துக்கான வார்ப்பு) சில பிளக்இன்களும் (கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள்) காசு. லைசென்ஸ் யார் பெயரில் வாங்கப்படுகிறது என்று கேளுங்கள். சிலர் திருட்டுத் தீம் போட்டுவிட்டு அதற்கும் பில் போடுவார்கள். அந்தத் திருட்டுத் தீமில் பெரும்பாலும் ஏதாவது ஒரு ஓட்டை திறந்தே இருக்கும், மூன்று மாதம் கழித்து உங்கள் எண்ணெய்க் கடை சைட்டைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் வரும்.

சரி, வரிக்கு வருவோம். "60,000 ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா?" என்று இன்றைக்கே கேளுங்கள். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பொதுவாக அவர் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது. பதிவு இருந்தால் 18 சதவீதம், அதாவது 70,800 ஆகும். பில்லில் 15 எழுத்து ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும், தமிழ்நாட்டு எண் 33 என்று தொடங்கும், ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் பெயர் வந்துவிடும். உங்களுக்கும் பதிவு இருந்தால் அந்த 10,800-க்குக் கிரெடிட் எடுக்க முடியும், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம், அதனால் அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி): போன வருடம் உங்கள் விற்றுமுதல் ஒரு கோடியைத் தாண்டியிருந்தால் நீங்கள் பிடித்தம் செய்ய வேண்டிய ஆள். தொழில்முறைக் கட்டணமாக ஒருவருக்கு ஒரு வருடத்தில் 50,000-க்கு மேல் கொடுத்தால் 10 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். 2025 ஏப்ரலுக்கு முன்னால் இந்த வரம்பு 30,000-ஆக இருந்தது. வெப் டிசைனைத் தொழில்நுட்பச் சேவை என்று பார்த்து 2 சதவீதம் பிடிக்கிறவர்களும் உண்டு, எது என்று உங்கள் ஆடிட்டர் சொல்வதைக் கேளுங்கள். பிடிப்பதாக இருந்தால் அதை டிசைனரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பாதிப் பேருக்கு டிடிஎஸ் என்றாலே "பணத்தைக் குறைச்சுட்டாங்க" என்றுதான் தோன்றும். அது அவர் பான் கணக்கில்தான் ஏறுகிறது, ரிட்டர்ன் போட்டால் கழித்துக்கொள்ளலாம் என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும்.

ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதை வியாபாரச் செலவாகக் காட்ட முடியாது. அது தவிர, யுபிஐயிலோ வங்கியிலோ அனுப்பினால் எந்தத் தவணை எந்தத் தேதியில் போனது என்பதற்கு அதுவே சாட்சி. குறிப்பு இடத்தில் "வெப்சைட் 2-ஆம் தவணை" என்று எழுதி அனுப்புங்கள். அனுப்பும் கணக்கு உங்கள் கடைக் கணக்காக இருக்கட்டும், மச்சான் போனிலிருந்து அனுப்பாதீர்கள். ஒவ்வொரு தவணைக்கும் பில் வாங்குங்கள்.

அவர் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) வைத்திருக்கும் குறு அல்லது சிறு நிறுவனம் என்றால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள், ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் வட்டியும் கேட்கலாம். இழுத்தடித்துப் பழகிய வியாபாரிகளுக்கு இது தெரிவதில்லை. உங்களுக்கு நான் சொல்வது, பில் வந்து ஐந்து நாளில் கொடுத்துவிடுங்கள். உடனுக்குடன் பணம் கொடுக்கும் ஆளின் வேலையைத்தான் டிசைனர் முதலில் எடுத்துச் செய்வார், நானும் அப்படித்தான் செய்தேன்.

யாருமே கேட்காத ஒன்று உரிமை. முழுப் பணமும் கொடுத்துவிட்டால் டிசைன் உங்களுடையது என்று நினைப்பீர்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இல் வந்தது, அப்படிச் சொல்லவில்லை. சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் செய்தது முதலாளியுடையது, ஆனால் வெளியாளாக இருந்து செய்துகொடுத்தவரின் வேலை பொதுவாக அவருடையதுதான், எழுத்தில் கையெழுத்துப் போட்டு மாற்றிக் கொடுக்கும் வரை. எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்கள் எண்ணெய் சிங்கப்பூருக்குப் போகிற நாள் வரலாம். அதனால் கடைசித் தவணை வாங்கும்போது "இந்த வேலையின் உரிமை முழுவதையும், முழுக் காலத்துக்கும், எல்லா நாடுகளுக்கும் மாற்றித் தருகிறேன்" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தீம், ஃபான்ட், விலைக்கு வாங்கிய படங்கள் இதில் வராது, அவை மூன்றாவது ஆளுடையவை.

இப்போது உங்கள் பக்கத்துத் தப்பைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள், இன்னும் செய்யவில்லை, ஆனால் செய்வீர்கள். இருபத்தைந்து பொருளுக்குப் படம், விலை, எடை, விவரம் எல்லாம் "அடுத்த வாரம் அனுப்பிடறேன்" என்பீர்கள். சீசன் வரும், கடையில் கூட்டம் இருக்கும், இரண்டு மாதம் ஓடிவிடும். டிசைனர் தன் வேலையை முடித்துவிட்டு எதுவும் வராமல் காத்திருப்பார். ஃப்ரீலான்சரின் பணம் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான், ஏமாற்றுக்காரர்களிடம் மாட்டுவது கொஞ்சம்தான். எனவே இப்படி ஒரு வரி சேருங்கள்: உங்களிடமிருந்து வர வேண்டியது பதினைந்து நாள் தாமதமானால், அவர் தற்காலிகப் படங்களை வைத்து வேலையை முடித்துக் காட்டி மூன்றாவது தவணையை வாங்கிக்கொள்ளலாம். இதை நீங்களாகவே முன்வந்து சொன்னால் அவர் 70 சதவீதத்திலிருந்து இறங்கி வருவார், ஏனென்றால் 70 கேட்பதற்குக் காரணமே அந்தப் பயம்தான்.

நடுவில் பிரிய வேண்டி வந்தால்? எந்தக் கட்டம் வரை முடிந்ததோ அதுவரை கொடுத்த பணம் திரும்பாது, அதுவரை செய்தது எல்லாம் உங்களுக்கு வந்துவிடும், டிசைன் ஃபைல் உட்பட. அவர் தொடங்கவே இல்லையென்றால் முதல் தவணை திரும்ப வேண்டும். எழுதி வைத்துவிட்டால் சண்டை போட ஒன்றும் இருக்காது.

இதற்கெல்லாம் வக்கீல் வேண்டாம். மின்னணு முறையில் செய்துகொண்ட ஒப்பந்தம் என்பதற்காக மட்டும் அது செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலேயே இருக்கிறது. உரிமை மாற்றத்தை மட்டும் கையெழுத்தோடு வாங்குங்கள், மற்றதெல்லாம் ஒரு மெயில் போதும். ஏறக்குறைய இப்படி எழுதுங்கள்:

"வணக்கம். நாம் பேசியபடி, 25 பொருட்களோடு ஆன்லைன் விற்பனை சைட், மொத்தம் 60,000 ரூபாய், ஜிஎஸ்டி இல்லை. தொடங்க 18,000. முகப்பு, பொருள் பக்க டிசைனை நான் மெயிலில் ஒப்புக்கொண்டதும் 18,000. தற்காலிக முகவரியில் டெஸ்ட் ஆர்டர் சரியாகப் போனதும் 15,000. எங்கள் டொமைனில் ஏற்றி, அட்மின் லாகின், முழு பேக்கப், டிசைன் ஃபைல் கொடுத்து, உரிமைத் தாளில் கையெழுத்திட்டதும் 9,000. பில் வந்த ஐந்து நாளில் பணம் அனுப்புவேன். டொமைன், ஹோஸ்டிங், தீம் எங்கள் பெயரில், எங்கள் செலவில். இரண்டு சுற்றுத் திருத்தம், அதற்கு மேல் மணிக்கு நீங்கள் சொன்ன 700. லைவ் ஆன 30 நாளுக்குள் ஏதாவது வேலை செய்யாமல் போனால் இலவசமாகச் சரிசெய்வீர்கள், புதிதாகக் கேட்பது தனி. என் பக்கத் தகவல் 15 நாள் தாமதமானால் தற்காலிகப் படங்களோடு முடித்து மூன்றாவது தவணையை வாங்கிக்கொள்ளலாம். சம்மதம் என்று பதில் போடவும்."

அந்த 30 நாள் விஷயத்தில், "வேலை செய்யாமல் போனால்" என்பதையும் "புதிதாகக் கேட்பது" என்பதையும் கலக்காதீர்கள். கூப்பன் போட்டால் கழியவில்லை என்றால் அது பழுது. கூப்பனை வாட்ஸ்அப்பில் தானாக அனுப்ப வேண்டும் என்றால் அது புது வேலை. விற்பனை வரவில்லை என்பது இரண்டும் இல்லை, அதற்காக 9,000-ஐ நிறுத்தி வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாதப் பராமரிப்பை இதோடு சேர்த்துப் பேசாதீர்கள். சைட் ஓடி ஒரு மாதம் ஆகட்டும், உங்களுக்கு என்ன தேவை என்று தெரியும், அப்புறம் பேசுங்கள். வருடத்துக்கு மொத்தமாக முன்பணம் கேட்டால் மூன்று மாதத்துக்குக் கொடுத்துப் பாருங்கள்.

மணிக்கணக்கில் பேசலாமா என்று சிலர் கேட்பார்கள். உங்கள் மாதிரி அளவு தெரிந்த வேலைக்கு வேண்டாம், மொத்த விலைதான் நல்லது. அப்வொர்க், ஃபைவர் மாதிரி தளங்களில் ஆள் பிடித்தால் பணம் முதலில் தளத்திடம் போய் நிற்கும், வேலையைப் பார்த்து நீங்கள் ஒப்புக்கொண்டதும் டிசைனருக்குப் போகும். பாதுகாப்புதான், ஆனால் தூங்கிவிட்டால் போச்சு. வேலையைச் சமர்ப்பித்த பிறகு நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அப்வொர்க்கின் மொத்த விலை வேலையில் 14 நாளிலும், ஃபைவரில் 3 நாளிலும் தானாகவே ஒப்புக்கொண்டதாகிவிடும். உள்ளூர் ஆள், நேரில் பார்க்க முடிகிறது என்றால் அதெல்லாம் தேவையில்லை.

நாளைக்கு அவரிடம் பேசும்போது சதவீதத்தில் தொடங்காதீர்கள். "டொமைன் நானே வாங்கிக்கிறேன், தகவல் எல்லாம் இந்தத் தேதிக்குள் தந்துடுவேன், ஒவ்வொரு கட்டத்துக்கும் உடனே பணம் அனுப்பிடுவேன்" என்று தொடங்குங்கள், அப்புறம் நான்கு தவணையைச் சொல்லுங்கள். முதல் தவணை 20,000 வேண்டும் என்றால் கொடுங்கள், 25,000 என்றாலும்கூடப் பரவாயில்லை, கடைசியில் குறையாமல் நடுவில் குறைத்துக்கொள்ளுங்கள். டொமைனை உங்கள் பெயரில் வாங்குவதற்கு மட்டும் அவர் ஏதாவது காரணம் சொல்லி மறுத்தால், டீ குடித்துவிட்டு நன்றி சொல்லி எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டேன் என்றால் பதற வேண்டாம், வாங்கிய தொகையைக் கொடுத்து, 18,000 அனுப்புவதற்கு முன்னால் உங்கள் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள், மாறியதும் உங்கள் மெயிலுக்கு வரும் தகவலை நீங்களே திறந்து பார்த்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.